கத்தி வைக்காத டாக்டர்

டாக்டர் குமரகுருபரன் வருஷத்தில் ஒரு நாள் சங்கிலிபூதத்தான் காலில் விழுவார். மற்ற நாளெல்லாம் சங்கிலிதான் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சங்கிலி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

சங்கிலிக்கு ஆழ்வார்குறிச்சிக்குத் தெற்கே வாழையும் நெல்லுமாகக் கிடக்கிற ஒரு சின்ன ஊர். வாழைத்தார் வெட்டி லாரிக்குச் சுமப்பது வேலை. சித்திரை மாதம் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடுவது அப்பன் வழியில் வந்த உரிமை. மணி கட்டின சல்லடம் என்கிற அரைக்கால்சட்டையையும் குல்லாயையும் மாட்டி, கையில் வல்லயம் என்கிற ஈட்டியைக் கொடுத்து, மேளத்தை நாலு தட்டுத் தட்டினால் போதும், ஆள் மாறிவிடுவான். அப்புறம் அவன் வாயில் வருவதெல்லாம் சாமி வாக்கு. பெரிய பெரிய ஆளெல்லாம் வந்து திருநீற்றுக்குக் கை ஏந்துவார்கள். அதில் டாக்டரும் ஒருவர். ஊரைச் சுற்றி இருக்கிற வயலெல்லாம் ஒரு காலத்தில் டாக்டருடைய தாத்தாவுக்குப் பாத்தியப்பட்டது. வயல் போய்விட்டது, முதல் மரியாதை மட்டும் போகவில்லை. பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டராக இருக்கிறார். கைராசிக்காரர். குடல்வால் ஆகட்டும், குடலிறக்கம் ஆகட்டும், அவர் தொட்டால் பிழைத்துவிடலாம் என்று பேர்.

இனிச் சங்கிலியின் வீட்டுச் சங்கதி. அவன் பெண்டாட்டி முத்துராணிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. அது யாருக்கும் தெரியாது. இரண்டாவது பிரசவத்தில் மூச்சு முட்டி, திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பாதி உயிராகக் கிடந்த பிறகுதான் தெரிந்தது. வால்வு மாற்றினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. வெளியே அனுப்பும்போது அங்கிருந்த பெரிய டாக்டரம்மா சங்கிலியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இன்னொரு பிள்ளை உண்டானா இந்தப் பொண்ணு பிழைக்காது. இவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் இப்போ வேண்டாம், மயக்க மருந்தை நெஞ்சு தாங்காது. காப்பர்-டி போட்டா மாத்திரைக்கு ரத்தமா ஓடும். நீங்க பண்ணிக்கிடுங்க. உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை. கத்திகூடக் கிடையாது, சின்னத் துளைதான். அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்."

இவ்வளவுதான் விஷயம். மற்ற ஆம்பிளைகளாக இருந்தால் இந்த இடத்தில் நழுவியிருப்பார்கள். சங்கிலி நழுவவில்லை. "பல்லுப் புடுங்குத மாதிரிதானே, பண்ணிருவோம்" என்றான். டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். ஊருக்குப் பக்கத்திலேயே இந்த வேலை தெரிந்தவர் குமரகுருபரன் என்றும் சொல்லி அனுப்பினார். நம்ம டாக்டர்தானே என்று சங்கிலியும் சந்தோஷமாகத்தான் போனான்.

டாக்டர் சீட்டை வாசித்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இது யாருக்குவே?"

"எனக்குத்தான் ஐயா."

"ஒமக்கா? வெளையாடுதீரா?"

"வெளையாடுததுக்குத் தார் வெட்டை விட்டுட்டா வருவேன்?"

"ஒம்ம மேல யாரு இறங்குதா?"

"சுடலை."

"அந்த ஒடம்புல நான் கத்தி வைக்கவா?"

"கத்தியே கெடையாதாம்லா ஐயா. சின்னத் துளைன்னு அந்த அம்மா சொன்னாக."

"துளையும் வைக்க மாட்டேன்."

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கல்யாணமாகி ஒம்பது வருசம் எனக்குப் பிள்ளை கெடையாது. நானே டாக்டர். பாக்காத வைத்தியம் இல்ல. கொடையில ஒம்ம முன்னால வந்து நின்னேன். 'அடுத்த கொடைக்கு மூணு பேரா வருவே'ன்னு சொன்னீரு. வந்தோமா, இல்லியா?"

சங்கிலிக்குச் சொன்னது ஞாபகமில்லை. சாமி இறங்கினால் எதுவும் ஞாபகம் இருக்காது. ஆனாலும் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கண் கலங்கி வந்து நிற்கிறவர்களுக்கு அந்த வாக்கு வழக்கமாக வருகிறதுதான் என்று ஊரில் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

"அது நான் சொல்லலை ஐயா. சாமி சொல்லிச்சி."

"அதைத்தானேவே நானும் சொல்லுதேன். எனக்குப் பிள்ளை குடுத்த ஒடம்பு அது. அதைப் போயி நான் மலடாக்கவா? செத்தாலும் மாட்டேன்."

"சாவப்போறது நீங்க இல்ல ஐயா. எம் பொண்டாட்டி."

டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவளைக் கூட்டிட்டு வாரும். நாளைக்கே பண்ணிவிடுதேன்."

"மயக்க மருந்து ஆகாதுன்னு அதுலயே எழுதியிருக்குல்லா."

"ஆமா, எழுதியிருக்கு." சீட்டை மடித்துக் கொடுத்தார். "அப்போ ஜாக்கிரதையா இரும். மனசை அடக்கணும். கொடைக்கு விரதம் இருக்கீருல்லா, அதை மாதிரி."

"விரதம் இருவத்தோரு நாளு ஐயா. ஆயுசு முச்சூடுமா?"

டாக்டர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கெட்ட மனுஷர் என்று அவரைச் சொல்லவும் வழியில்லை. கண்ணில் தண்ணீர் முட்டத்தான் பேசினார். அதுதான் சங்கிலிக்கு எரிச்சலை இன்னும் கிளப்பியது. திட்டுகிறவனாக இருந்தால் திருப்பித் திட்டலாம். கும்பிடுகிறவனை என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து சொன்னான். முத்துராணி சின்னவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "ஒங்க சாமிக்கு அவுக பயப்படுதாக. சரி. நான் போய்ட்டா இந்த ரெண்டும் என்ன செய்யும்னு பயப்பட ஒரு டாக்டர் கெடையாதா?"

"இருக்காமலா போவான்? பாப்போம்."

"பாருங்க, பாருங்க. அதுவரைக்கும் வாழைக்காட்டு மோட்டார் ரூம்ல போயிப் படுங்க."

மோட்டார் ரூமில் போய்ப் படுத்தான். அதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்றார்கள். அவன் வேறு எங்கோ தொடுப்பு வைத்திருக்கிறான் என்றார்கள். எவளோ ஒருத்தி முத்துராணியிடமே வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். சொன்னவளை அடிக்கவும் முடியாது, நிஜத்தை எடுத்துச் சொல்லவும் முடியாது. பத்து நிமிஷ வேலையாம் பத்து நிமிஷ வேலை!

முத்துராணிக்கு மகாராஜன் என்று ஓர் அண்ணன். வண்ணார்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறான். வாய் நீளம், மனசு தங்கம். அவனிடம் சொன்னதும், "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு அலையுதிய மாப்ளே? கிளம்பி வாங்க" என்றான். பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் இளவட்டப் பையன். சீட்டைப் பார்த்தார். ஆம்பிளை ஒருத்தன் தானாக வந்து இதைக் கேட்பதே ஆச்சரியம் என்று கையைக் குலுக்கினார். வியாழக்கிழமை காலையில் வரச் சொன்னார். ஆயிற்று, முடிந்தது என்று இரண்டு பேரும் வெளியே வந்து அல்வா தின்றார்கள்.

அத்தோடு பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் சங்கிலிக்கு ஊர் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! நாளைக்குக் கொடைக்கு வருகிற மனுஷர், முதல் மரியாதைக்காரர், அவருக்குத் தெரியாமல் இன்னொரு டாக்டரிடம் போனால் மனத்தாங்கல் வந்துவிடும் என்று நினைத்தான். புதன்கிழமை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் குமரகுருபரனிடமே சொன்னான்.

"ஐயா, ஒங்களுக்குச் சங்கடம் வேண்டாம். வண்ணார்பேட்டையில நாளைக்கு முடிச்சிக்கிடுதேன். மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீய."

"எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் டாக்டர் கேட்டார். அதையும் சொன்னான்.

அன்று சாயங்காலம் நர்சிங் ஹோமிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் பேசினாள். "அண்ணாச்சி, நாளைக்கு வர வேண்டாம். டாக்டர் உங்க கேஸை எடுக்கலன்னு சொல்லிட்டாங்க."

"ஏம்மா?"

"குமரகுருபரன் சார் எங்க டாக்டருக்குப் பாடம் எடுத்தவங்களாம். அவங்க போன் பண்ணினாங்க. 'அது எங்க சாமி, யாரும் தொடக்கூடாது'ன்னு சொல்லிட்டாங்களாம்."

விஷயத்தைச் சொன்னதும் மகாராஜன் போனிலேயே கத்தினான்.

"கூறு இருக்கா மாப்ளே ஒமக்கு? திருடப் போறவன் போலீஸ் ஸ்டேஷன்ல போயிச் சொல்லிட்டா போவான்?"

"நான் என்ன திருடவா செஞ்சேன்?"

"அப்போ என்னத்துக்குவே போயி உத்தரவு கேட்டீரு? அந்த ஆளு செய்ய மாட்டேன்னா சரி, அது அவன் மனசு. அடுத்தவன் கையையும் எதுக்குக் கட்டுதான்? இதுல யாரு நியாயம் கேக்க? என் தங்கச்சி உசுருலா இழுத்துக்கிட்டுக் கெடக்கு!"

மகாராஜன் கேட்டது நியாயம்தான். உனக்குப் பிடிக்கவில்லை, உன் மனசு ஒப்பவில்லை, ஒதுங்கிக்கொள். வழியை மறித்துக்கொண்டு நிற்பேன் என்றால் என்ன அர்த்தம்? சங்கிலி அதை வாழை மரத்திடம் சொன்னான், லாரிக்காரனிடம் சொன்னான். சொல்லவேண்டிய ஆளிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மோட்டார் ரூமுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வந்தான். மனுஷர்கள்தானே! கடையில் விற்கிற உறையை நம்பினார்கள். அது கிழிந்ததோ என்னவோ, முத்துராணிக்கு நாள் தள்ளிப்போய்விட்டது.

ஒரு வாரம் போயிற்று. அப்புறமும் போயிற்று. மெடிக்கல் கடையில் அட்டை வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம்தான். இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. முத்துராணி பெரியவளுக்கு உலை வைக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். ஏழு வயசுப் பிள்ளை. "அரிசியை இப்படிக் களையணும், கஞ்சியை இப்படி வடிக்கணும், கையைச் சுட்டுக்கிடாத" என்று அவள் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்ததும் சங்கிலி எழுந்தான். சட்டையை மாட்டினான். முத்துராணியையும் கூட்டிக்கொண்டு நேரே டாக்டர் வீட்டுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை காலை. டாக்டர் பூஜை முடித்து நெற்றி நிறையத் திருநீற்றோடு வெளியே வந்தார்.

"வாரும் பூதத்தான், இரும். காப்பி குடிக்கீரா?"

"காப்பி குடிக்க வரலை. இவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. ஒங்களாலதான்."

டாக்டர் முத்துராணியை உட்காரச் சொன்னார். நாடி பார்த்தார், மாத்திரையை விசாரித்தார். பதற்றமாகத்தான் கேட்டார். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

"அங்க போயிக் கலைச்சிட்டு வரணும். அடுத்த மாசமும் தள்ளிப்போனா மறுபடியும் போணும். அதுக்குப் பதிலா என்னைய ஒரு பத்து நிமிசம் படுக்கப் போட்டா ஒங்களுக்கு என்ன கொறஞ்சிரும்?" என்றான் சங்கிலி. அவன் குரல் தெருவரைக்கும் கேட்டது.

டாக்டர் நடுங்கிப்போனார். சாமியாடி கோபப்படுகிறான், சாமியே கோபப்படுகிற மாதிரி. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நானாச் செஞ்சாத்தானே பாவம்? சாமிட்ட உத்தரவு கேப்போம். பூக்கட்டிப் பாப்போம். வெள்ளைப்பூ வந்தா நாளைக்குக் காலையில மொத ஆபரேஷன் ஒமக்குத்தான்."

"குடல்வாலுக்குப் பூக்கட்டிப் பாப்பியளா? குடலிறக்கத்துக்குப் பூக்கட்டிப் பாப்பியளா?"

"அதெல்லாம் சாமியாடிக்குச் செய்யலையேவே."

முத்துராணி புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள். "பைய பேசுங்க. பாக்கட்டும். சாமி நல்ல வாக்குச் சொன்னாச் சரிதானே?" பாவம், அவளுக்கு எந்தக் கொம்பு கிடைத்தாலும் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலைமை.

பூஜை அறையில் சுடலைமாடன் படத்துக்கு முன்னால் வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரித் தாளில் மடித்துப் போட்டார்கள். எடுப்பதற்குச் சின்னப் பிள்ளை வேண்டும். டாக்டருடைய மகனையே கூப்பிட்டார். அந்தச் சாமி கொடுத்த பிள்ளைதான், நாலு வயசு. "கண்ணு, கும்பிட்டுட்டு ஒண்ணே ஒண்ணு எடு" என்றார். பயல் கும்பிட்டான். ஒரு பொட்டலத்தை எடுத்தான், முகர்ந்து பார்த்தான். பிறகு மற்றதையும் எடுத்துக்கொண்டு இரண்டு கையிலும் பிடித்தபடி ஒரே ஓட்டமாக அடுக்களைக்குள் ஓடிவிட்டான்.

எல்லாரும் அப்படியே நின்றார்கள். உள்ளே இருந்து, "ஏம்லே, பூவைத் திங்காத!" என்று டாக்டரின் பெண்டாட்டி சத்தம் போடுவது கேட்டது.

"மொதல்ல எடுத்தது எது?" என்று முத்துராணி கேட்டாள்.

"ரெண்டையும்லா எடுத்துட்டான். சாமி ஒரு முடிவாச் சொல்லலை" என்றார் டாக்டர். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். "வெள்ளிக்கிழமை மறுபடியும் பாப்போம்."

சங்கிலிக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வீட்டுத் தூணைப் பிடுங்கியிருப்பான். முத்துராணிதான் வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அடிவயிறு வலிக்கிறது என்று உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது. சங்கிலி பதறிப்போய்க் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. வந்துட்டு" என்றாள்.

அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவள் வெளியே வந்து சொன்னாள்: "இன்னொரு மாசம் இப்படிச் செத்துச் செத்து என்னால காத்துக் கெடக்க முடியாது. சாமி உத்தரவும் வேண்டாம், பெரிய மனுசன் உத்தரவும் வேண்டாம். நம்ம சாமியத் தெரியாத ஊரு எங்கன இருக்கோ அங்கன கூட்டிட்டுப் போங்க. இந்தத் தடவை யார்ட்டயாவது மரியாதைக்குச் சொன்னிய, சும்மா விடமாட்டேன்."

அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போனதுதான் நாகர்கோவில் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி. மகாராஜன் ஆட்டோக்காரர்கள் வழியாக விசாரித்து வைத்திருந்தான். கார்த்திகை முதல் வாரம். டாக்டர் பெயர் சிராஜுதீன். வயசான ஆள், மூக்குக்கண்ணாடி நுனி மூக்கில் கிடந்தது. சீட்டைப் படித்தார்.

"எத்தனை பிள்ளைக?"

"ரெண்டு பொட்டப்பிள்ளைக."

"முழு மனசோடதான் வந்திருக்கியளா? அப்புறமாப் பையன் வேணும், அவுத்து விடுங்கன்னு வந்து நிக்கக் கூடாது."

"அவ இருந்தாப் போதும் ஐயா."

"சரி, போயிப் படுங்க."

சங்கிலிக்கு நம்பமுடியவில்லை. இங்கேயும் ஏதாவது தடங்கல் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே வந்திருந்தான். வராததே பயமாக இருந்தது. பொறுக்கமாட்டாமல் தானே வாயைத் திறந்தான். "ஐயா, ஒண்ணு சொல்லிருதேன். நான் சாமியாடி. எம்மேல சுடலை இறங்கும்."

கூட வந்து வெளியே நின்ற மகாராஜன் தலையில் அடித்துக்கொண்டான்.

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "அடுத்த ஆட்டம் எப்போ?"

"சித்திரையில."

"நல்லது. புண்ணு ஆறுத வரைக்கும் ஆட வேண்டாம், தாரும் தூக்க வேண்டாம். மூணு மாசம் கழிச்சிச் சோதனை பண்ணி, சுத்தமாயிட்டுன்னு நான் சொன்ன பெறகுதான் தைரியமா இருக்கணும். சித்திரைக்கு ஆடலாம், ஒண்ணும் செய்யாது."

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆவணியிலிருந்து கார்த்திகை வரைக்கும் அலைந்த அலைச்சல் இதற்குத்தானா என்று நினைத்தபோது, எழுந்திருக்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. மாசியில் போய்ச் சோதனை கொடுத்தான். சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். முத்துராணி ஆஸ்பத்திரி வாசலிலேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்கி. புரோட்டா வாங்கித் தாங்க" என்றாள். கல்யாணமான புதிதில் அவள் இப்படி வாய்விட்டுக் கேட்டது. அதற்குப் பிறகு அன்றுதான் கேட்டாள்.

சித்திரை வந்தது. சங்கிலி எவரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் மகாராஜன் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் பெருமையாகச் சொல்லிவிட்டான். ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. அறுத்துக்கொண்டவன் மேல் சாமி இறங்குமா என்று இளவட்டங்கள் பந்தயமே கட்டினார்கள். சங்கிலிக்கும் உள்ளுக்குள் உதறல்தான். இறங்காவிட்டால் போகிறது என்று வாயால் சொல்லிக்கொண்டான், மனசு கேட்கவில்லை.

உச்சிக்கொடைக்கு மேளம் எழுந்தது. நல்ல வெயில். கூட்டத்தில் முன்வரிசையில் டாக்டர் குடும்பத்தோடு நின்றார். பெண்கள் பக்கத்தில் முத்துராணி இரண்டு பிள்ளைகளோடும் நின்றாள். சல்லடத்தின் மணி குலுங்கியதுதான் சங்கிலிக்குத் தெரியும். அப்புறம் ஒன்றும் தெரியாது. தண்ணீரைத் தலையில் ஊற்றி உட்காரவைத்த பிறகு, எப்போதும் போல ஆடினதாகச் சொன்னார்கள்.

கூட்டம் கலைந்ததும் டாக்டர் கிட்டே வந்தார். நெற்றியில் சங்கிலி பூசிய திருநீறு இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீராவே? நான் கத்தி வைக்காததுனாலதான் சாமி ஒம்ம ஒடம்பை விட்டுப் போகலை. நான் செஞ்சிருந்தா அது வேற. நம்ம கோயில்காரன் கை பட்டிருக்கும். வெளியூர்க்காரன் செஞ்சதுல தோசமில்ல."

சங்கிலிக்குச் சொல்லவேண்டியது நிறைய இருந்தது. எதை முதலில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பந்தலில் வாழை கட்டுகிற சுடலைராஜ் நாலைந்து நாளாக அவனிடம் ரகசியமாக ஒன்று விசாரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மூன்று பிள்ளைகள், போதும் என்கிறான். அதைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"ஐயா, இன்னொருத்தன் இதே வேலைக்கு வரணும்னு இருக்கான். வந்தாச் செஞ்சி விடுவியளா?"

"அதுக்கென்ன, தாராளமா வரச் சொல்லும். என் வேலையே அதானே" என்றார் டாக்டர். இரண்டு எட்டு எடுத்து வைத்தவர் நின்று திரும்பினார். "ஆமா, அவன் எந்தக் கோயில்ல ஆடுதான்?"

"இசக்கியம்மன் கோயில்ல."

"அப்போ சித்தப் பொறும். எங்க அம்மை வழிக்கு அது குலதெய்வம்லா" என்று டாக்டர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

முத்துராணி இடுப்பில் சின்னவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அவுக யோசிச்சி முடிக்கதுக்குள்ள அடுத்த கொடை வந்துரும். அந்த நாகர்கோவில் டாக்டர் நம்பரைச் சுடலைராஜ் அண்ணன்ட்ட குடுத்துட்டு வாங்க, சோறு ஆறுது" என்றாள்.